நைட்ரஜனுக்குக் காசில்லை என்று சொல்லாதீர்கள்: ஏசி நிறுவனங்களின் சர்வீஸ் பிரிவுத் தலைவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய சர்வீஸ் பிரிவுத் தலைவர்களுக்கு,

இந்தக் கோடை தொடங்கும் முன் சர்வீஸ் ஏஜென்சிகளுக்கு ஒரு சுற்றறிக்கை வந்து சேர்ந்தது. கேஸ் சார்ஜிங் வேலை எதுவாக இருந்தாலும் ஒன்றரை மணி நேரத்துக்குள் முடித்து ஜாப் கார்டை மூடிவிட வேண்டும். நைட்ரஜனுக்கு இனித் தனியாகப் பில் போடக் கூடாது, அது கூலியிலேயே அடங்கும். இரண்டே வரிகள். குழாயில் எஞ்சிய கேஸைக் கழுவி வெளியேற்ற நாங்கள் விடும் தீப்பற்றாத வாயுதான் நைட்ரஜன். அவற்றை எழுதியவர் தீப்பற்றும் வாயு ஓடிய குழாயை ஒருநாளாவது பற்றவைக்கும் டார்ச்சின் தீயால் சூடாக்கிப் பிரித்தவராக இருக்க முடியாது என்பது என் உறுதியான எண்ணம்.

அனுப்பிய நிறுவனத்தின் பெயரை நான் எழுதவில்லை. வேறு நிறுவனங்களின் ஏஜென்சிகளில் இருக்கும் நண்பர்களிடம் விசாரித்தேன். எங்கும் இதே நெருக்கடிதான். ஓரிடத்தில் இரண்டு மணி நேரம் கொடுக்கிறார்கள். இன்னோரிடத்தில் நேரத்தைச் சொல்லாமல், புகார் வந்த அன்றே முடித்தால் ஊக்கத்தொகை என்கிறார்கள். ஆகவே இந்த மடல் உங்கள் எல்லோருக்கும் பொது.

நான் கோவையில் ஏசி பழுதுபார்க்கும் தொழிலில் இருக்கிறேன். ஏசிக்குள் ஆர்22 என்ற பழைய குளிர்பதன வாயு ஓடிய காலத்தில் வேலை கற்றவன். இன்று என்னிடம் வேலை பார்க்கும் பையன்களுக்குக் காலையில் வேலை பிரித்துக் கொடுத்து அனுப்புகிறேன். பெரும்பாலானவர்கள் ஐ.டி.ஐ. முடித்தவர்கள். சிலர் அதுவும் இல்லாமல் உதவியாளாகச் சேர்ந்து கைப்பழக்கத்தில் தேறியவர்கள். அவர்கள் மாலையில் முழு உடம்போடு வீடு திரும்ப வேண்டும். அதற்காகத்தான் எழுதுகிறேன்.

கேஸ் மாறியதை நான் எதிர்க்கவில்லை. ஆர்22 ஓசோன் படலத்தை அரிக்கும் வாயு. 1987-இல் கையெழுத்தான மான்ட்ரியல் உடன்பாட்டின் வழியாக அதைப் படிப்படியாகக் கைவிட்டு வருகிறோம். அதற்குப் பதிலாக வந்த ஆர்410ஏ ஓசோனைத் தொடாது என்றாலும், பூமியைச் சூடாக்குவதில் கார்பன் டை ஆக்சைடைப் போல இரண்டாயிரம் மடங்குக்கும் மேல். ஆர்32 வந்ததும் அது 675 மடங்காகக் குறைந்தது. ஆர்290, அதாவது புரொபேன், ஒற்றை இலக்கத்தில் நின்றுவிடுகிறது. 2016-இல் ருவாண்டா நாட்டின் கிகாலியில் எட்டிய திருத்தத்தை இந்தியா 2021-இல் ஏற்றுக்கொண்டது. அதன்படி 2028-இல் ஆர்410ஏ, ஆர்32 உள்ளிட்ட ஹெச்.எஃப்.சி. வாயுக்களின் பயன்பாட்டுக்கு உச்சவரம்பு வருகிறது, 2047-க்குள் 85 விழுக்காடு குறைத்தாக வேண்டும். இதெல்லாம் நல்ல காரியம். என் பேரப்பிள்ளைகள் காலத்துக்கு வேண்டிய காரியம். புரொபேன் ஏசி இந்தியாவில் 2012-லேயே விற்பனைக்கு வந்துவிட்டது. ஆர்32 இன்று கடைக்குக் கடை இருக்கிறது.

ஆனால் சூடாக்கும் தன்மை குறைந்த இந்த வாயுக்கள் தீப்பற்றும் தன்மையோடு வந்திருக்கின்றன. பழைய ஆர்22 வேலையில் அவசரப்பட்டால் வேலை கெடும். இதில் அவசரப்பட்டால் ஆள் வேகும். இந்த வேறுபாடு உங்கள் பெட்டியின் மேல் தீச்சுடர் அடையாளமாக ஒட்டப்பட்டிருக்கிறது. உங்கள் கூலி அட்டவணையில் அதற்கு ஒரு வரிகூட இல்லை.

பழுதான கம்ப்ரசரை மாற்றும் வேலையை எடுத்துக்கொள்வோம். கேஸை வெளியேற்றியாகிவிட்டது. சீறல் ஓய்ந்து, அழுத்தம் காட்டும் கேஜின் முள் பூஜ்யத்தில் நிற்கிறது. அனுபவம் குறைந்த பையன் உள்ளே காலி என்று நினைப்பான். கேஜ் பூஜ்யம் காட்டினால் உள்ளிருக்கும் அழுத்தமும் வெளிக்காற்றின் அழுத்தமும் சமம் என்று மட்டுமே பொருள். குழாய் முழுக்க இன்னும் புரொபேன் நிற்கிறது. கம்ப்ரசரின் அடியில் கிடக்கும் எண்ணெயில் கரைந்தும் கிடக்கிறது. டார்ச்சை மூட்டில் காட்டுகிறான். பற்று உருகி மினுமினுக்கிறது. குறடால் குழாயைப் பிடித்து இழுக்கிறான். அந்தச் சூட்டில் எண்ணெயில் கரைந்திருந்தது பிரிந்து கிளம்புகிறது, குழாயில் இருந்தது விரிந்து வெளியே வருகிறது. குழாயின் வாயிலிருந்து ஒரு முழ நீளத்துக்கு மஞ்சள் தீ அவன் முன்கையை நோக்கிப் பாய்கிறது. எண்ணெய்த் துளிகளும் எரிந்துகொண்டே தெறிக்கும். அவன் நிற்பதோ மூன்றாம் மாடியில், வெளிச்சுவரில் அடித்த பிராக்கெட் பக்கத்து சன்ஷேடில். பின்வாங்க அங்கே இடம் கிடையாது.

எனக்குத் தெரிந்த ஓர் இளைஞனுக்கு இப்படித்தான் வலது கை முழங்கை வரை வெந்தது. அவன் வேலை பார்த்த ஏஜென்சியின் பதிவேட்டில் அவன் பெயர் இல்லை. வேலைக்குத் தகுந்த கூலி என்ற கணக்கில் போய் வந்தவன். ஈ.எஸ்.ஐ. கிடையாது. மருத்துவச் செலவை உடன் வேலை பார்த்தவர்கள் பிரித்துக் கட்டினார்கள். நிறுவனத்துக்குப் போன அறிக்கையில் இருந்த காரணம்: "டெக்னீஷியனின் கவனக்குறைவு". அன்று அவனிடம் நைட்ரஜன் இருந்ததா என்று அந்த அறிக்கை கேட்கவில்லை. இல்லை. அவனுக்கு யாரும் கொடுக்கவில்லை.

இதைத் தடுக்கும் முறை உங்களுக்குத் தெரியாததல்ல, உங்கள் கையேட்டிலேயே இருக்கிறது. ஆர்32 என்றால் ரெகவரி மெஷினில் வாங்கிச் சிலிண்டரில் அடைக்க வேண்டும். ஆர்290 என்றால் நீண்ட ஹோஸ் போட்டு ஜன்னலுக்கும் சாக்கடைக்கும் தள்ளி, திறந்த வெளியில் மெதுவாக விட வேண்டும். பிறகு பம்ப் வைத்து வேக்குவம் (வெற்றிடம்) போட்டு எண்ணெயில் கரைந்ததையும் இழுக்க வேண்டும். நைட்ரஜனை நிரப்பி, வெளியேற்றி, மறுபடி நிரப்ப வேண்டும். மூட்டை டார்ச்சால் பிரிக்காமல் குழாயைக் கட்டரால் அறுக்க வேண்டும். புதிய மூட்டைப் பற்றவைக்கும்போதும் குழாய்க்குள் நைட்ரஜன் மெலிதாக ஓடிக்கொண்டிருக்க வேண்டும். முடித்த பின் லீக் இருக்கிறதா என்று பார்ப்பதும் நைட்ரஜன் அழுத்தத்தில்தான். இந்த வேலையில் ஒவ்வொரு படியிலும் ஆளைக் காப்பது நைட்ரஜன். அதைத்தான் தனியாகப் பில் போடக் கூடாது என்கிறீர்கள்.

எங்கள் பையன்கள் எப்படி வேலைக்குப் போகிறார்கள் தெரியுமா? இரு சக்கர வண்டியில். முன்னால் கருவிப் பை, பின்னால் சின்ன கேஸ் சிலிண்டர், தோளில் சுற்றிய செம்புக் குழாய். ஏணியைக்கூட வாடிக்கையாளர் வீட்டிலோ பக்கத்துக் கடையிலோ கேட்டு வாங்குகிறார்கள். பெரிய நைட்ரஜன் சிலிண்டரை இரண்டு பேர் சேர்ந்துதான் நகர்த்த முடியும், அதற்குச் சரக்கு ஆட்டோ பிடிக்க வேண்டும். சின்ன சிலிண்டர் கிடைக்கிறது. ஆனால் அதை வாங்கவும், ரெகுலேட்டர் போடவும், நிரப்பவும் காசு வேண்டும். கூலியிலேயே அடங்கும் என்று நீங்கள் எழுதினால் ஏஜென்சிக்காரர் என்ன செய்வார்? விட்டுவிடுவார். கையில் இருப்பதை வைத்துச் சமாளி என்பார்.

கையில் இருப்பது என்ன? பற்றவைப்பதற்காகக் கொண்டுவந்த ஆக்சிஜன் சிலிண்டர். அழுத்தம் ஏற்றி லீக் பார்க்க அதைத் திறந்துவிடுகிற கொடுமை இன்றும் நடக்கிறது. ஆக்சிஜனும் கம்ப்ரசர் எண்ணெயும் அழுத்தத்தில் சேர்ந்தால் வெடிக்கும், அதற்குத் தீப்பொறிகூடத் தேவையில்லை. இன்னொரு பழக்கம், குழாய் திறந்திருக்கும்போதே கம்ப்ரசரை ஓட்டிக் காற்றை உள்ளே இழுத்து அழுத்தம் ஏற்றுவது. காற்றும் எண்ணெயும் கேஸும் கலந்து கம்ப்ரசருக்குள் நசுங்கினால் டீசல் எஞ்சினில் நடப்பதே அங்கும் நடக்கும். எஞ்சினின் இரும்பு அதைத் தாங்கும், கம்ப்ரசரின் உறை தாங்காது. இப்படிச் செய்கிறவர்களை முட்டாள்கள் என்று சொல்லிவிட்டு நீங்கள் நகர முடியாது. சரியான பொருளைக் கொடுக்காமல், நேரத்தையும் பிடுங்கிக்கொண்டு, தவறான வழியை அவர்கள் பக்கத்திலேயே வைத்திருக்கிறீர்கள்.

ஓர் ஏசியில் ஆர்290 வெறும் 300 கிராம்தானே, அடுக்களையில் 14.2 கிலோ சிலிண்டரையே வைத்துக்கொண்டு மக்கள் வாழவில்லையா என்று உங்கள் கூட்டம் ஒன்றில் ஓர் அதிகாரி கேட்டார். நியாயமான கேள்வி போலத் தோன்றும். பதில் சொல்கிறேன். அடுக்களை கேஸில் நாற்றத்துக்கென்று ஒரு பொருள் சேர்க்கப்படுகிறது. கசிந்தால் தூங்குகிறவரும் எழுந்துவிடுவார். குளிர்பதனத்துக்கான புரொபேனில் அந்த நாற்றம் கிடையாது. கண்ணுக்கும் தெரியாது, மூக்குக்கும் தெரியாது. அடுக்களை சிலிண்டரை எந்த மெக்கானிக்கும் டார்ச்சால் திறப்பதில்லை. எங்கள் பையன்களின் வேலையே அந்தச் சுற்றைத் திறப்பது. அடுக்களை பெரும்பாலும் திறந்த ஜன்னலோடு இருக்கும். ஏசி அறையோ குளிர் வெளியேறாமல் இருக்க எல்லாவற்றையும் அடைத்து வைத்த அறை.

அந்த 300 கிராமைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு கன மீட்டர் காற்றில் 38 கிராம் புரொபேன் இருந்தால் போதும், தீப்பற்றும். அதாவது காற்றில் நூற்றுக்கு இரண்டு பங்கு. பத்தடிக்குப் பத்தடி அறையில் 300 கிராமும் கசிந்து சீராகக் கலந்துவிட்டால் அந்த அளவை எட்டாது, உண்மைதான். ஆனால் அது காற்றைவிட ஒன்றரை மடங்கு கனம். மின்விசிறி ஓடாத, அடைத்த அறையில் மேலே பரவாமல் தரையில் தேங்கப் பார்க்கும். 38 கிராம் என்ற அளவில் தரையிலிருந்து அடுக்கினால் ஏறத்தாழ இரண்டே முக்கால் அடி உயரம் வரை வரும். வெள்ளிக்கிழமை மாலை நம் வீடுகளில் குத்துவிளக்கு எங்கே எரிகிறது? தரையில். கைக்குழந்தை எங்கே தவழ்கிறது? தரையில். இண்டோர் யூனிட்டின் காயிலில் லீக் என்று ஒரு வீட்டுக்குப் போனபோது, கூடத்து மூலையில் பூஜை அலமாரிக்குக் கீழே விளக்கு எரிந்துகொண்டிருந்தது. கதவு ஜன்னல்களைத் திறந்துவிட்டு, அந்த அம்மாவிடம் விளக்கை மலையேற்றச் சொன்னேன். விளக்கு வைத்த நேரத்தில் அணைப்பதா என்று அவர் தயங்கினார். அவரிடம் யாரும் எதுவும் சொல்லியிருக்கவில்லை. புகார் எண்ணில் பேசிய உங்கள் பணியாளர் எப்போது வீட்டில் இருப்பீர்கள் என்று மட்டும் கேட்டுவிட்டு வைத்துவிட்டார். என்ன கேஸ் என்று கேட்கவில்லை. ஜன்னலைத் திறங்கள், சுவிட்சைத் தொடாதீர்கள் என்று சொல்லவும் இல்லை.

ஆர்32 லேசாகத்தான் எரியும் என்கிறீர்கள். ஒப்பிட்டுப் பார்த்தால் சரிதான். அது தீப்பற்றக் காற்றில் நூற்றுக்குப் பதினான்கு பங்கு வேண்டும், தீ பரவுவதும் மெதுவாகத்தான், வினாடிக்கு ஏழு சென்டிமீட்டர்கூட இல்லை. ஆனால் ஆர்32 எரிந்தாலும், டார்ச் தீயில் பட்டுச் சிதைந்தாலும் ஹைட்ரஜன் ஃபுளோரைடு உண்டாகிறது. அதன் நெடி தொண்டையைக் கிள்ளும், கண்ணில் நீர் கொட்டும், நுரையீரலை அரிக்கும். குறுகலான பால்கனியில் கிரில்லுக்கு உள்ளே உட்கார்ந்து பற்றவைக்கிறவன் அதைத்தான் மூச்சாக இழுக்கிறான். தவிர, ஆர்32 ஓடும் அழுத்தம் ஆர்22-ஐப் போல ஒன்றரை மடங்குக்கும் மேல். பழைய கேஜையும் பழைய ஹோஸையும் வைத்துக்கொண்டே இன்றும் பலர் இதில் வேலை செய்கிறார்கள். புதியது வாங்கித் தரவேண்டியவர் யார் என்ற கேள்விக்கு, நிறுவனம் ஏஜென்சியையும் ஏஜென்சி பையனையும் காட்டுகிறார்கள்.

அவுட்டோர் யூனிட் இருக்கும் இடத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். அடுக்குமாடிகளில் குழாய்கள் இறங்கும் டக்ட் என்று ஒரு சந்து விடுகிறார்கள். நாலு பக்கமும் சுவர், அடியில் சாக்கடை மூடி, ஒவ்வொரு தளத்திலும் குளியலறை ஜன்னல். அதற்குள் யூனிட்டை மாட்டுகிறார்கள். கனமான வாயு கசிந்தால் அடியில் போய்ச் சேரும், ஆள் இறங்கி வேலை பார்ப்பதும் அங்கேதான். ஐரோப்பாவில் வீடுகளைச் சூடாக்கப் புரொபேன் ஹீட் பம்ப்களை வைக்கிறார்கள். பெரும்பாலும் கேஸ் ஓடும் பகுதி முழுவதையும் வீட்டுக்கு வெளியே ஒரே பெட்டியில் அடக்கி, வெந்நீரை மட்டும் உள்ளே அனுப்புகிறார்கள். பெட்டியைச் சுற்றி ஒரு பாதுகாப்பு வட்டம் குறித்து, அதற்குள் ஜன்னல், கதவு, சாக்கடை வாய், மின்பொறி வரும் எதுவும் கூடாது என்று தயாரிப்பாளர்களே வரைந்து கொடுக்கிறார்கள். அங்கே 2024-இல் வந்த புதிய விதிகள், இந்த வாயுக்களில் வேலை செய்வோருக்கான பயிற்சிச் சான்றையும் வரம்புக்குள் கொண்டுவந்திருக்கின்றன. நம் ஊரிலும் ஹீட் பம்ப் புதிதில்லை. ஊட்டி, கொடைக்கானல் விடுதிகளில் குளிருக்கும் சூட்டுக்கும் சேர்த்து ஓடும் ஏசி அதே இயந்திரம்தான். கோவையின் ஹோட்டல்களிலும் மருத்துவமனைகளிலும் மொட்டைமாடியில் வெந்நீர் போடுவதும் அதுதான். ஊட்டியில் குளிருக்காக அறையை இறுக்க அடைத்திருப்பார்கள், பக்கத்திலேயே கணப்பு எரியும். அங்கே இந்தப் புதிய கேஸ் பெருகப் பெருக யார் போய் வேலை பார்ப்பார்கள் என்று நினைக்கிறீர்கள்? இதே பையன்கள்தான், இதே வண்டியில்.

ஒன்றரை மணி நேரம் என்று எழுதினீர்களே, அதற்கு வருகிறேன். போய் இறங்கி, இடத்தைப் பார்த்து, மின்சாரத்தைத் துண்டிக்கும் எம்சிபி சுவிட்சை இறக்கி, சுற்றிலும் மூன்று மீட்டருக்குள் தீயோ மின்பொறியோ இல்லை என்று உறுதிசெய்து, கேஸ் டிடெக்டரைத் தரையோரம் வைக்கக் கால் மணி. கேஸை வாங்கவும் நைட்ரஜன் விட்டுக் கழுவவும் அரை மணிக்கு மேல். மூட்டைச் சரிசெய்ய அரை மணி. நைட்ரஜன் அழுத்தத்தில் நிறுத்தி முள் இறங்குகிறதா என்று பார்க்கக் குறைந்தது அரை மணி. வேக்குவம் 500 மைக்ரானுக்கு (வெற்றிடத்தை அளக்கும் அலகு) இறங்க முக்கால் மணி, மழைக்காலத்தில் இன்னும் கூடும். பம்பை நிறுத்தி ஏறுகிறதா என்று பார்க்கக் கால் மணி. தராசில் வைத்து, தகட்டில் போட்ட கிராம் கணக்குக்கு கேஸ் ஏற்றி, ஓட்டிப் பார்த்து, லேபிளைத் திரும்ப ஒட்ட அரை மணி. மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. ஒன்றரை மணியில் முடித்துக் காட்டுகிறவன் எதை விட்டிருப்பான்? வேக்குவத்தை விட்டால் ஏசி குளிராது, வாடிக்கையாளர் மறுபடி கூப்பிடுவார், அவனுக்குக் கூலி பிடிப்பீர்கள். ஆகவே அதை அரைகுறையாகவாவது செய்வான். நைட்ரஜனைத் தவிர்த்தால் அன்றைக்கு யாருக்கும் தெரியாது. முதலில் விடுபடுவது அதுதான். ஆர்32-ஐ ரெகவரி செய்யாமல் காற்றில் திறந்துவிடுவதும் இந்த அவசரத்தில்தான். ஒரு கிலோ ஆர்32 காற்றில் போனால் 675 கிலோ கார்பன் டை ஆக்சைடு விட்டதற்குச் சமம். எந்தப் பூமியைக் காப்பாற்ற இந்த கேஸ் வந்ததோ அந்தப் பூமிக்கும் உங்கள் சுற்றறிக்கை கேடு செய்கிறது.

நீங்கள் சொல்லக்கூடிய பதிலும் எனக்குத் தெரியும். எல்லாம் கையேட்டில் இருக்கிறது, பயிற்சி பெற்றவர் மட்டுமே திறக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறோம் என்பீர்கள். கையேடு ஆங்கிலத்தில் இருக்கிறது. பயிற்சி என்று வருவது பெரும்பாலும் ஹோட்டல் அறையில் அரை நாள் காட்டும் படங்கள். அதற்கு வரும் நாளின் கூலி பையனுக்குக் கிடையாது, அதனால் ஏஜென்சி ஒருவரை அனுப்பிவிட்டு மற்றவர்கள் பெயரையும் பதிவேட்டில் எழுதிக்கொள்கிறது. கையேட்டில் பாதுகாப்பை எழுதிவிட்டு, சுற்றறிக்கையில் அதைச் செய்ய முடியாதபடி ஆக்கிவிட்டு, தீப்பற்றினால் கையேட்டைக் காட்டுவது அறமாகாது. உங்கள் வழக்கறிஞர்களுக்கு அது போதலாம். வெந்த கைக்குப் போதாது.

அரசு 2019-இல் வெளியிட்ட இந்தியக் குளிர்விப்புச் செயல்திட்டம் ஒரு லட்சம் சர்வீஸ் டெக்னீஷியன்களுக்குப் பயிற்சியும் சான்றிதழும் என்று இலக்கு வைத்தது. நல்ல முயற்சி. அந்தப் பயிற்சியில் கலந்துகொண்ட பையன்களிடம் வித்தியாசம் தெரிகிறது. கேஜ் பூஜ்யத்துக்கு வந்ததும் டார்ச்சை எடுப்பதில்லை. ஆனால் சான்றிதழ் உள்ளவனுக்கும் இல்லாதவனுக்கும் நீங்கள் கொடுக்கும் கூலி ஒன்றே, இரண்டு பேருக்கும் ஒதுக்கும் நேரமும் ஒன்றே. தமிழ்நாட்டில் வயரிங் வேலைக்கு மின் உரிமம் வழங்கும் வாரியம் வயர்மேன் தகுதிச் சான்று தருகிறது. அறுந்த ஒயர் ஆளைக் கொல்லும் என்பதால் அந்த ஏற்பாடு. புரொபேன் ஓடும் சுற்றைத் திறக்க அப்படி ஒரு தகுதியும் யாரும் கேட்பதில்லை. கடையில் போய் ஆர்32 சிலிண்டர் வாங்க யார் வேண்டுமானாலும் வரலாம்.

இனி நான் கேட்பது.

அந்தச் சுற்றறிக்கையைத் திரும்பப் பெறுங்கள். ஆர்32, ஆர்290 சுற்றைத் திறக்கும் எந்த வேலைக்கும் குறைந்தது மூன்றரை மணி நேரம் ஒதுக்குங்கள். அந்த வேலைகளை அன்றே முடித்த கணக்கிலிருந்தும் ஊக்கத்தொகைக் கணக்கிலிருந்தும் முற்றிலும் விலக்குங்கள். நைட்ரஜனுக்கும் கேஸ் ரெகவரிக்கும் கூலி அட்டவணையில் தனித்தனி வரி போட்டு, ஜாப் கார்டில் அவை இல்லாவிட்டால் வேலையையே ஏற்காதீர்கள். நைட்ரஜன் அழுத்தத்தில் நிற்கும் கேஜின் படம் இல்லாமல் ஜாப் கார்டு மூடக்கூடாது என்று செயலியில் ஒரு நிபந்தனை வைக்க உங்களால் ஒரு வாரத்தில் முடியும். வாடிக்கையாளரின் ஓ.டி.பி. இல்லாமல் மூட முடியாதபடி வைத்திருக்கிறீர்களே, அதே இடத்தில் இதையும் வையுங்கள்.

கருவிகளை நீங்களே கொடுங்கள். சின்ன நைட்ரஜன் சிலிண்டர், ரெகுலேட்டர், தீப்பற்றும் வாயுவுக்கென்றே செய்த ரெகவரி மெஷின், பொறி வராத வேக்குவம் பம்ப், டிடெக்டர், உலர்பொடித் தீயணைப்பான். இவற்றை ஏஜென்சி தலையில் கட்டாதீர்கள். நகரத்துக்கு ஒன்றிரண்டு வேன்கள் போட்டு, சுற்றைத் திறக்கும் வேலை எல்லாவற்றையும் அந்த வேனுக்கே விடுங்கள். வண்டியில் போகும் பையன் ஃபில்டர் கழுவட்டும், கெப்பாசிட்டர் மாற்றட்டும், லீக் என்று தெரிந்தால் அறையைத் திறந்துவிட்டு, எம்சிபியை இறக்கிவிட்டு வேனை அழைக்கட்டும். அந்த வேலைக்கு ஒருவர் மட்டும் தனியாகப் போகவே கூடாது, இரண்டு பேர் போக வேண்டும்.

இந்த வேலையில் கை வைக்கும் ஒவ்வொருவரையும், அவர் ஏஜென்சியின் ஆளாக இருந்தாலும் தினக்கூலியாக இருந்தாலும், ஈ.எஸ்.ஐ.க்குள் கொண்டுவருவதை ஏஜென்சி ஒப்பந்தத்தின் முதல் நிபந்தனையாக்குங்கள். வரம்புக்கு வெளியே இருப்பவர்களுக்கு விபத்துக் காப்பீடு எடுங்கள். பயிற்சிக்கு வரும் நாட்களுக்குக் கூலி கொடுங்கள். பயிற்சி தமிழில், கையில் டார்ச்சோடும் நைட்ரஜனோடும் நடக்க வேண்டும். கையேட்டையும் யூனிட்டின் மேல் ஒட்டும் எச்சரிக்கையையும் தமிழில் கொடுங்கள். இண்டோர், அவுட்டோர் இரண்டிலும் கேஸின் பெயர், கிராம் கணக்கு, குறைந்தபட்ச அறைப் பரப்பளவு மூன்றும் பளிச்சென்று தெரிய வேண்டும். அறையை அளந்து எழுதாமல் எந்தப் புதிய யூனிட்டையும் மாட்டக் கூடாது. டக்டுக்குள் ஆர்290 அவுட்டோர் மாட்டச் சொன்னால் முடியாது என்று சொல்லும் அதிகாரத்தை டெக்னீஷியனுக்கு எழுத்தில் கொடுங்கள்.

புகார் எண்ணில் பேசும் பணியாளருக்கு நாலு வரி எழுதிக் கொடுங்கள். குளிரவில்லை, லீக் போலிருக்கிறது என்று யார் அழைத்தாலும் மாடலை வைத்து கேஸ் எது என்று பார்த்து, ஏசியை அணைத்து ஜன்னலைத் திறக்கச் சொல்லட்டும், விளக்கையும் அடுப்பையும் அணைக்கச் சொல்லட்டும். நெடியோ சீறலோ இருக்கும் நிலையில் சுவிட்ச் எதையும் தொடாமல் எல்லோரும் வெளியே வந்துவிடும்படி சொல்லட்டும்.

நடந்த விபத்துகளை மறைக்காதீர்கள். பெயர்கள் வேண்டாம், எந்த கேஸ், எந்தக் கட்டத்தில், என்ன இல்லாததால் என்பதை எல்லா நிறுவனங்களும் சேர்ந்து ஆண்டுக்கு ஒருமுறை வெளியிடுங்கள். ஒரு பையனுக்கு நேர்ந்ததைப் படித்தால் பத்துப் பையன்கள் கையைக் காப்பாற்றிக்கொள்வார்கள்.

இந்த மடலின் நகலை மத்தியச் சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் ஓசோன் பிரிவுக்கும், மாநிலத்தின் தொழிலாளர் நலன் மற்றும் திறன் மேம்பாட்டுத் துறைக்கும் அனுப்புகிறேன். அவர்களிடம் நான் கேட்பது இரண்டு. தீப்பற்றும் கேஸ் சுற்றைத் திறப்பவருக்கு, வயர்மேனுக்கு இருப்பதைப் போல ஒரு தகுதிச் சான்றைக் கட்டாயமாக்குங்கள், அதைப் பெறும் தேர்வு தமிழிலும் இருக்கட்டும். அந்தச் சான்று இல்லாதவருக்கு ஆர்32, ஆர்290 சிலிண்டர்களை விற்பதை நிறுத்துங்கள்.

அடுத்த சீசன் பிப்ரவரி கடைசியில் தொடங்கிவிடும். அதற்குள் மேலே கேட்டவற்றில் எதைச் செய்கிறீர்கள், எதைச் செய்யப்போவதில்லை, ஏன் செய்யப்போவதில்லை என்பதை எழுதித் தாருங்கள். எனக்குத் தனிக் கடிதம் வேண்டாம். முந்தையதை அனுப்பிய அதே வழியில், எல்லா ஏஜென்சிகளுக்கும் ஒரு புதிய சுற்றறிக்கையாகத் தமிழில் அனுப்புங்கள்.

இப்படிக்கு,
கோவையிலிருந்து ஓர் ஏசி சர்வீஸ் தொழிலாளி